அப்பா சொன்ன ருசி

என் சாமிக்கு,

இந்நேரம் நீ அங்கே மலையில் ஏணி மேல் நின்று செர்ரிப் பழம் பறித்துக்கொண்டிருப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். “ஏம்மா, புதுத் தோட்டத்துக்கு எந்த ரகம் வெக்கலாம்னு ஓனரு என்னையே முடிவு பண்ணச் சொல்லிட்டாருங். நான் ரெய்னியர்தான்னு சொல்லிப்போட்டேன். இங்க எல்லாரும் வேண்டாங்கறாங்க. கை பட்டாலே கறுத்துப்போகும், மழை பட்டா வெடிச்சுப்போகும், டெல்லி போய்ச் சேர்றதுக்குள்ள பாதிதான் மிஞ்சும்ங்கறாங்க. ஆனா அப்பா நாலு ரகத்தையும் தின்னுபோட்டு அதைத்தானே நல்லாருக்குதுன்னாரு? அப்பா நாக்கு பொய் சொல்லுங்களா?” என்று கேட்டாய். “உம் பிரியம் சாமி” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். நாற்று தை மாதம்தான் நடுவார்கள், ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லி வைக்க வேண்டும் என்றும் சொன்னாய். அதனால் இனிமேல் நான் தள்ளிப்போட முடியாது.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. எழுதி முடித்ததும் உன் அத்தைக்கும் சோமனூர்ப் பெரியப்பாவுக்கும் ஒவ்வொரு நகல் எடுத்துக் கொடுக்கப்போகிறேன். பக்கத்து வீட்டில் யார் கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன். ஏன் என்று கடிதத்தைப் பாதிக்கு மேல் படிக்கும்போது உனக்கே தெரியும். இருபத்தெட்டு வருடம் சத்துணவு மையத்தில் பதிவேடு எழுதியவள் நான். ஒரு வரியைக்கூட மாற்றி எழுதியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். வீட்டில் அப்படி இருக்கவில்லை.

உன் அப்பாவுக்கு நாக்குதான் தொழில். மற்ற பேக்கரி மாஸ்டர்கள் ஐசிங்கைக் கண்ணால் பார்ப்பார்கள், அவர் சுண்டுவிரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஹனி கேக்குக்குப் பாகு ஊற்றும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. பேக்கரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மாவில் உப்பு ஒரு சிட்டிகை கூடிப்போனதை மறைக்கப் பார்த்தால், வெந்த பன்னை ஒரு கடி கடித்துவிட்டு, யார் பிசைந்தது என்றே சொல்லிவிடுவார். உனக்குப் பிறந்தநாள் கேக்கை அவரே போடுவார். சுற்றி வைத்த சிவப்புச் செர்ரியை எல்லாம் நீ முதலில் பிடுங்கித் தின்றுவிட்டு, மொட்டையான கேக்கை எங்களுக்கு வெட்டித் தருவாய். விவசாயக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் ஒரு நாள் மூச்சு வாங்க ஓடி வந்து, “ஏனுங்ப்பா, நீங்க இத்தனை வருசமா கேக்கு மேல வெச்சது செர்ரியே இல்லீங். களாக்காயைச் சக்கரைப் பாகுல ஊறப்போட்டுச் சாயம் ஏத்துனதுங்” என்றாய். அவர் சிரித்தார். “அது எனக்குத் தெரியாதாக்கும்? நெசச் செர்ரி எப்படியிருக்கும்னுதான் தெரியாது. நானே ஒரு நாளும் தின்னதில்ல” என்றார். நீ அன்றைக்குச் சாப்பிடாமல் யோசித்துக்கொண்டே இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. படித்து முடித்து இங்கேயே வேலை கிடைத்தும் அதை விட்டுவிட்டு, பாஷை தெரியாத இமாச்சல மலைக்கு நீ போனதற்கு அந்த ஒரு பேச்சும் காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது, குற்ற உணர்ச்சியும் இருந்தது.

அடுப்புச் சூட்டில் நிற்பவனுக்கு வாயில் ஏதாவது வேண்டும் என்று சொல்லிப் புகையிலையை அடக்கிக்கொண்டே இருந்தார். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கெஞ்சினாய். நான் கெஞ்சவில்லை, அது என் முதல் தவறு. ஆண்பிள்ளை உழைக்கிறார், அதுகூடவா வேண்டாம் என்பேன் என்று விட்டுவிட்டேன். கன்னத்தின் உட்புறம் புண் வந்து, ஆபரேஷன் செய்து, பிறகு கரண்டு வைத்தார்கள், அந்தக் கதிர்வீச்சு வைத்தியம். முப்பது நாளுக்கு மேல் தினமும் பஸ் ஏறிப் போனோம். எச்சில் வற்றிப்போனது. ருசியும் போனது. ஆறு மாதத்தில் திரும்பி வரும், சிலருக்கு வருடம் ஆகும் என்று டாக்டர் சொன்னார். நீயும் போனில் வாரா வாரம் கேட்பாய். “அப்பாவுக்கு ருசி வந்துருச்சுங்களா?” முதல் வருடம் இல்லை என்று சொன்னோம். ஒவ்வொரு முறையும் உன் குரல் இறங்கிப்போவதைக் கேட்டு, ஒரு நாள் அவரே என் கையிலிருந்து போனை வாங்கி, “லேசா வருது சாமி. இன்னைக்கு ரசத்துல புளிப்பு தெரிஞ்சுது” என்றார். நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அன்றைக்கு நான் ரசமே வைக்கவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வாரம் ஒரு ருசியாக அவருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது, உன்னிடம் மட்டும். எனக்குத் தெரிந்தது ராகிக் கூழையும் கரைத்த சோற்றையும் மருந்து குடிப்பதுபோலக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைக்கும் மனிதரைத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வைகாசி மாதம் பரிசோதனைக்குப் போனோம். நெஞ்சில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். இனிமேல் வைத்தியம் என்று செய்தால் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான், ஒரு மாதமோ இரண்டு மாதமோ என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில் பஸ்ஸை விட்டு சிங்காநல்லூரில் இறங்கி நடக்கும்போது, “அம்மிணி, பையனுக்கு இப்பத்தான் சீசன் தொடங்கியிருக்குது. வருசத்துல ரெண்டு மாசந்தான் அவனுக்குப் பொழப்பு. இப்பச் சொன்னா எல்லாத்தையும் போட்டுபோட்டு ஓடியாந்துருவான். ஆனி கழியட்டும், நானே சொல்றேன்” என்றார். “ஏனுங்க, அது தப்புங்க, அவன் பையனுங்க” என்றேன். “நான் இருப்பேன் அதுவரைக்கும்” என்றார். அவர் அதுவரை எனக்குச் சொன்ன வாக்கைத் தவறவிட்டதில்லை. அதனால் நம்பிவிட்டேன் என்று சொல்வது எளிது. உண்மை என்னவென்றால், உன்னிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கே இல்லை. அவர் தடுத்தது எனக்கு வசதியாக இருந்தது.

பத்து நாள் கழித்து நீ போன் செய்தாய். கீழ்த் தோட்டத்தில் முடிகிற ரகமும் மேல் தோட்டத்தில் தொடங்குகிற ரகமும் இந்த வருடம் ஒரே வாரத்தில் அமைந்திருக்கிறது, இது எப்போதாவதுதான் நடக்கும், அப்பாவுக்கு நாலு ரகத்தையும் கொண்டு வருகிறேன், நாலு நாள் லீவு வாங்கிவிட்டேன் என்றாய். தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே மலையிறங்கி, விமானம் மாறி, வீட்டுக்குள் வரும்போது உன் சட்டையெல்லாம் ஈரம். ஐஸ் உருகி வழிந்திருந்தது. அப்பாவைப் பார்த்ததும், “இளைச்சுட்டீங்களே” என்றாய். “இளைச்சாத்தான் அழகு” என்றார் அவர். நீ சிரித்துவிட்டாய். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

பழத்தைக் கழுவி, கொட்டையை எடுத்து, பாதியாகக் கீறும் வேலையை என்னிடம் கொடுத்தாய், அவருக்கு வாய் அகலத் திறக்காது என்பதால். சாமி, அந்த அரை மணி நேரத்தைப் பற்றி நான் உன்னிடம் பேசியதே இல்லை. எந்தக் கிண்ணத்தில் எந்த ரகம் என்று சீட்டு எழுதி வைத்திருந்தாய். கீறும்போதே ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்து வாயில் போட்டேன். ஸ்டெல்லா நேரான இனிப்பு. பதம் தப்பாத பாகு மாதிரி, ஒளிவு மறைவு இல்லாத ருசி. பிங் பெரிது, கடித்தால் பல்லுக்கு வேலை கொடுத்தது, இனிப்பு அடங்கிய பிறகு ஓரத்தில் ஒரு சின்னப் புளிப்பு வந்து நின்றது. பிளாக் ஹார்ட் சிறிய பழம், கத்தி பட்டவுடன் சாறு முழங்கைவரை ஓடியது. நாவல்பழத்தின் கறுப்பு, ஆனால் அதன் துவர்ப்பு இல்லை. இரண்டாவதையும் எடுத்தேன், மூன்றாவதையும் எடுத்தேன். உன் ரெய்னியர் மஞ்சளாக, ஒரு கன்னம் மட்டும் சிவந்து, வெயிலில் விளையாடிவிட்டு வந்த குழந்தை மாதிரி இருந்தது. தோல் அவ்வளவு மெல்லிசு. வாயில் வைத்தால் தேனைத் தண்ணீரில் கரைத்ததுபோல இருந்தது, போகும்போது லேசாக ஒரு பூ வாசம். அறுபது வயதுக்கு மேல் வாழ்க்கையில் முதல் தடவையாகச் செர்ரி தின்றேன். வெளியே அவர் செத்துக்கொண்டிருக்கிறார், உள்ளே என் வாய் இப்படி இனிக்கிறதே என்று குழாயைத் திறந்து விட்டு அழுதேன். நகத்தில் ஏறிய கறை நாலு நாள் போகவில்லை.

நீ அவர் கண்ணை ஈரிழைத் துண்டால் கட்டினாய். “எதுன்னு கண்டுபுடிங்க பாக்கலாம்” என்றாய். அதற்கு முன்பே இரண்டு இரண்டு துண்டாகக் கொடுத்து, சாப்பிடும்போதே பெயரையும் சொல்லிப் பழக்கியிருந்தாய். அவர் முதல் துண்டை மெதுவாக மென்று, தண்ணீர் வாங்கிக் குடித்து, “இது பிங்கு” என்றார். “எப்படீங்ப்பா?” என்று குதித்தாய். “கடிக்கறப்பவே தெரியுதில்ல” என்றார். அடுத்தது, “இது அந்தக் கறுப்பு.” அதுவும் சரி. ஸ்டெல்லாவுக்குக் கொஞ்சம் யோசித்து, அதையும் சொல்லிவிட்டார். கடைசியாக மஞ்சள் பழத்தை வாயில் வாங்கியதும் அவர் முகம் மாறியது. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். “இதாஞ் சாமி” என்றார். “இதுக்கு மேல ஒண்ணுமில்ல. நான் கேக்கு மேல வெச்சதெல்லாம் வெறுஞ் சாயம். இதை வெச்சா கேக்கே வேண்டியதில்ல.” நீ துண்டை அவிழ்த்துவிட்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, முழங்காலில் தலை வைத்துக்கொண்டாய். கல்யாண வயதுப் பையன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை நீ சிநேகிதனைப் பார்க்கக் கிளம்பிப் போன பிறகு அவரிடம் கேட்டேன். “நெசமாலுமே தெரிஞ்சுதுங்களா?” அவர் சொன்னார். “ஒண்ணுந் தெரியல அம்மிணி. எல்லாம் ஈரப் பஞ்சாட்டத்தான் இருந்துச்சு. ஒண்ணு கெட்டி, ஒண்ணு கொழகொழ, ஒண்ணு தோலு மெல்லிசு. முப்பது வருசம் மாவு பாத்த வாயி, அது தெரியாதா?” “அப்ப மஞ்சப் பழந்தான் நல்லாருக்குதுன்னு எப்படிச் சொன்னீங்க?” என்றேன். “நீ பாக்கல. கண்ணைக் கட்டறதுக்கு முந்தி மத்ததை எல்லாம் பேரைச் சொல்லிக் குடுத்தான். அதைக் குடுக்கறப்ப மட்டும் அவங் கொரலு மாறிப்போச்சு. அவனுக்குப் புடிச்சது அதுதான். வேறெதைச் சொல்லியிருந்தாலும் அவன் ராத்திரி தூங்கியிருக்க மாட்டான்” என்றார்.

அப்பாவுக்கு ருசி தெரியவில்லை, சாமி. அவர் சொன்னது உன் ருசியை.

நாலாம் நாள் நீ கிளம்பினாய். வாசலில் நின்று, “சீசன் முடிஞ்சதும் வாரேனுங்ப்பா, ஒரு மாசம் இருக்கற மாதிரி வாரேன்” என்றாய். அவர் கையை உயர்த்தி ஆட்டினார். நீ தெருமுனை திரும்பும்வரை நின்றார், பிறகு உட்காரக்கூட முடியாமல் என் மேல் சாய்ந்தார். அதற்குப் பிறகு வந்த நாட்களில் மூன்று தடவை உன் நம்பரைப் போட்டேன். ஒரு தடவை நீ எடுத்தும்விட்டாய். “என்னம்மா, இந்நேரத்துல?” என்றாய். பின்னால் பறிக்கிறவர்களின் சத்தம், யாரோ பாடுகிறார்கள், நீ சந்தோஷமாக இருந்தாய். “ஒண்ணுமில்ல, சாப்ட்டியான்னு கேக்கலாம்னு” என்றேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் உனக்கு ஐந்து நாள் கிடைத்திருக்கும். அந்த ஐந்து நாளை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது நோய் அல்ல, அப்பாகூட அல்ல, நான்தான். உன் சீசன் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவர் போய்விட்டார். ஆனி கழியும்வரை இருப்பேன் என்ற அவர் வாக்கு அந்த ஒரு வாரத்தில் தவறியது.

நீ வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். நீ வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாய். அப்போது உன் அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி, “அப்பன் இந்தக் கெதியில கெடக்கறான், ஒத்தப் புள்ள பழத்தைக் குடுத்துபோட்டுப் போனவன் பொணத்தைப் பாக்க வந்திருக்கறான்” என்றாள். அண்ணனை இழந்தவள் அழுகையில் சொன்னது. நாங்கள் உன்னிடம் மறைத்தது அவளுக்குத் தெரியாது, அவள் மேல் தப்பில்லை. பெரியப்பா அவளை அதட்டவில்லை. கூடியிருந்த சனம் முழுவதும் உன்னைப் பார்த்தது. நீ என்னைப் பார்த்தாய். “அவனுக்குத் தெரியாதுங்க, நாங்கதான் மறைச்சுப்போட்டோம்” என்று ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ தலையைக் குனிந்துகொண்டு, கொள்ளி வைக்கக் கிளம்பினாய். பதினாறாம் நாள் வரை இருந்தாய். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. திடீரென்று போய்விட்டார் என்று நீயாகவே எடுத்துக்கொண்டாய். “நல்லவேளைங்மா, போறதுக்கு முன்னாடி வாய்க்கு ருசியா ஒண்ணு சாப்ட்டாரு” என்றாய். அந்த நிம்மதியைப் பிடித்துக்கொண்டு நீ இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறாய். அதையும் இன்றைக்கு நானே பறிக்கிறேன்.

அத்தை, பெரியப்பா, இதைப் படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். என் மகனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பான். அவனை அன்று தலைகுனிய வைத்தவள் அவனைப் பெற்றவள்.

போன வருடம் நீ அனுப்பிய பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறந்தேன், மேலேயே மஞ்சள் பழம். மூடிவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, தித்திப்பாக இருந்தது என்று உன்னிடம் சொன்னேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஆரம்பித்தால் பழத்தைக்கூட நிம்மதியாகத் தின்ன முடியாமல் போகிறது. உனக்கும் நாளை ஒருத்தி வருவாள், பிள்ளைகள் வரும். அவர்கள் மனசு நோகக்கூடாது என்று நினைக்கும் இடத்தில்தான் நீ அதிகமாகப் பயப்பட வேண்டும். அங்கேதான் நானும் உன் அப்பாவும் வழுக்கினோம். அவருடையது பிரியம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிரியத்துக்கு உன் சம்மதத்தை நாங்கள் கேட்கவே இல்லை.

நாற்று விஷயத்தை நீயே முடிவு செய். ரெய்னியர் வை, வேண்டாம் என்றால் ஸ்டெல்லா வை. அப்பாவின் கடைசி ஆசை என்று நினைத்து வைக்காதே, அப்படி ஒன்று இல்லை. உனக்குப் பிடித்திருந்தால் உனக்குப் பிடித்தது என்று உன் ஓனரிடம் சொல்லி வை. நஷ்டம் வந்தாலும் அது உன் ருசியால் வந்ததாக இருக்கட்டும். என்னை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எனக்குப் பிடித்தது பிளாக் ஹார்ட்.

இன்னொன்று இருக்கிறது. இதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பேனா நின்றுவிடும் என்று பயந்து கடைசிவரை கொண்டு வந்துவிட்டேன். சித்திரையிலிருந்து மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. போன வாரம் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இருதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பாம். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும், இந்த மாதத்துக்குள் செய்தால் நல்லது என்கிறார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை என்று இங்கே எழுதி, பிறகு அடித்துவிட்டேன். சர்க்கரை இருப்பதால் ஆபத்து உண்டு என்று அவர் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ போன் செய்த ஞாயிற்றுக்கிழமையே இது எனக்குத் தெரியும். சீசன் முடியட்டும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

இல்லை, சாமி. சீசனை விட்டுவிட்டு வா. பறிக்காத பழம் மரத்திலேயே இருக்கட்டும், குருவிகள் தின்றுவிட்டுப் போகட்டும். பெட்டி எதுவும் கட்டாதே, வெறுங்கையோடு வா. ஆபரேஷனுக்கு முன்னால் நாலு நாள் நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும். என் மேல் கோபம் இருந்தால் அதையும் கொண்டு வா, எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். ஓனரிடம் என்ன காரணம் சொல்வது என்று யோசிக்காதே. அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல். அது உண்மை.

அம்மா